லேபிளில் இருக்கும் எண்

பெங்களூர் நீலசந்திராவில் எங்கள் மாடி வீட்டில் மூன்று பேர்: நான், அக்கா தனலக்ஷ்மி, அவள் கணவர் மதியழகன். மாமா ஒரு தனியார் கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் பதினாறு வருடமாக அட்டெண்டர். நான் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்தவன். அந்த ஒரு குற்றத்துக்காக இரண்டு மாதம், தினமும் மாலை ஏழு மணிக்கு, அவருக்கு மோலார் நிறை கணக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதாயிற்று.

கோலார் தங்கவயலில் அவர் பி.யூ.சி. படித்துக்கொண்டிருந்தபோது சுரங்கத்தை மூடினார்கள். படிப்பை விட்டுவிட்டு, காலை ரயிலில் பெங்களூருக்கு வேலை தேடி வந்தார். ஆய்வகத்தைப் பெருக்கத்தான் சேர்ந்தார். பாட்டில்களைத் தொட விட்டது மூன்று வருடம் கழித்து. இப்போது லேப் அசிஸ்டெண்ட் ஓய்வுபெறப் போகிறார். அந்த இடத்தை மாமாவுக்குக் கொடுக்க துறைத்தலைவர் வீணா மேடத்துக்கு விருப்பம்தான், ஆனால் பன்னிரண்டாவது பாஸ் சான்றிதழ் வேண்டும். ஜூனுக்குள் இல்லையென்றால் வெளியாள். திறந்தநிலைப் பள்ளி வழியாக மற்ற பாடங்களையெல்லாம் தேறிவிட்டார். இரண்டு முறை அவரைக் கவிழ்த்தது வேதியியல் மட்டும்.

ஏன் என்று முதல் நாளே தெரிந்துபோயிற்று. காப்பர் சல்பேட் கணக்கைக் கொடுத்தேன். பேனாவைத் திறக்கும் முன்பே, "இருநூத்தி நாப்பத்தொம்போது பாயிண்ட் ஆறு எட்டு" என்றார். எப்படி வந்தது என்றேன்.

"லேபிள்ல இருக்கு மச்சான்."

ஆய்வகத்தின் அத்தனை பாட்டிலும் அவருக்கு மனப்பாடம். அணு நிறைகளை வரிசையாக எழுதி, எத்தனை அணுவோ அத்தனையால் பெருக்கி, கூட்ட வேண்டும் என்று ஒன்பது முறை சொன்னேன். கடைசி எண் சரியாக இருக்கும்போது நடுவில் எதற்கு இவ்வளவு எழுத வேண்டும் என்பது அவர் கேள்வி. வழி காட்டாவிட்டால் மார்க் இல்லை என்றேன். கல்லூரியில் யாரும் தன்னிடம் வழி கேட்டதில்லை என்றார்.

எனக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தொண்டைக்குள்ளேயே சுற்றும். அவர் கணக்குப் போடும் நேரத்தில் படிக்கலாமென்று ஒரு கவிதைத் தொகுப்பைக் கையில் வைத்திருப்பேன். இரண்டு மாதத்தில் நான்கு பக்கம் படித்தேன். மூன்றாவது வரிக்குள் "மச்சான்" என்று குரல் வந்துவிடும்.

அவருடைய ஆய்வகத்தில் இல்லாத சேர்மமாகப் பார்த்துக் கொடுக்க ஆரம்பித்தேன். கால்சியம் பாஸ்பேட். அடைப்புக்குறிக்கு வெளியே இருக்கும் இரண்டு உள்ளே இருக்கும் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் என்று விளக்கினேன். ஆய்வகத்து அலமாரிகளை ஒவ்வொன்றாக விரல்விட்டு எண்ணினார். பிறகு, "இந்த பாட்டில் நம்மகிட்ட கிடையாதே" என்றார்.

சமையலறையிலிருந்து அக்கா சொன்னாள்: "பாட்டிலப் பாக்காம அவருக்குத் தாகம்கூட எடுக்காதுடா."

அவர் உடனே கன்னடத்துக்குத் தாவினார். "ஆய்த்து, பிடு." பாடத்தை முடிக்க நினைத்தால் கன்னடம்தான். முடிந்தது, விடு. நான் விடவில்லை.

தேர்வுக்கு ஐந்து நாள் இருக்கும்போது சலவைச் சோடா கொடுத்தேன். பத்து மூலக்கூறு நீரோடு சேர்ந்த படிகம் என்று தெளிவாகவே எழுதியிருந்தேன். நூற்றாறு என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டார். விடை இருநூற்று எண்பத்தாறு.

"நம்ம பாட்டில் நூத்தாறுதான்."

"அது தண்ணியில்லாத பவுடர் மாமா. கேள்வியில தண்ணி இருக்கு."

"எங்க லேப்ல பவுடர்தான் வாங்குவோம்."

புத்தகத்தை மூடினேன். எழுந்து போய்விடலாம் என்றுதான் இருந்தது. போகிற போக்கில், எரிச்சலில், ஒன்றைக் கேட்டேன்: அடுத்த மாதம் கடைக்காரன் பவுடருக்குப் பதில் படிகம் அனுப்பினால், வழக்கம்போல லிட்டருக்குப் பத்து புள்ளி ஆறு கிராம்தானே போடுவீர்கள்?

ஆமாம் என்று தலையாட்டினார். பிறகு ஆட்டுவதை நிறுத்தினார்.

"பாதி தண்ணியாதான இருக்கும்."

"பாதிக்கு மேல."

"அப்போ கரைசல் நீர்த்துப்போகும். புள்ளைங்களுக்கு ரீடிங்கே வராது." பிறகு தாழ்ந்த குரலில்: "பிராக்டிகல் அன்னைக்கி அழுவாங்க மச்சான்."

தாளை இழுத்துக்கொண்டார். சோடியம் இரண்டு, நாற்பத்தாறு. கார்பன் பன்னிரண்டு. ஆக்சிஜன் மூன்று, நாற்பத்தெட்டு. தண்ணீர் பதினெட்டு, பத்து முறை, நூற்றெண்பது. ஒவ்வொன்றையும் தராசில் வைப்பதுபோல எழுதினார். இரண்டு மாதம் நான் கத்தாமல் கத்தியது எதுவும் செய்யாததை, அழப்போகும் யாரோ பிள்ளைகள் செய்துவிட்டார்கள்.

தேர்வு முடிந்து வந்தவரிடம் எப்படி என்றேன். சலவைச் சோடாவே வந்ததாம். வழி எல்லாம் காட்டி இருநூற்று எண்பத்தாறு போட்டாராம். எனக்கு மூச்சு வந்தது.

"அடியில ஒரு குறிப்பும் எழுதினேன். பாட்டில்ல பவுடர் இருந்தா நூத்தாறுன்னு எடுத்துக்கவும்னு."

யாருக்கு மாமா அது, திருத்துகிறவருக்கா?

"அவங்களும் தெரிஞ்சிக்கட்டுமே."

தேர்ச்சி மதிப்பெண்ணுக்கு இரண்டு மேலே வந்தது. சான்றிதழை மே கடைசியில் கொடுத்தார், வேலை கிடைத்தது. நான் நிம்மதியாக அந்தத் தொகுப்பின் ஐந்தாம் பக்கத்தைத் திறந்தேன். ஆய்வகத்திலிருந்து போன்.

"மச்சான், உப்பு பாட்டில் வந்திருக்கு. லேபிள்ல அம்பத்தெட்டு பாயிண்ட் நாலு நாலு. நான் போட்டா அம்பத்தெட்டரை வருது. வழியெல்லாம் காட்டி கம்பெனிக்கு எழுதிடலாமா?"

தேர்வுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று குளோரினை முப்பத்தைந்தரை என்று எடுத்துக்கொள்ளச் சொன்னது நான்தான். தசமங்களை விளக்க ஆரம்பித்தேன். சரிபார்க்க இன்னும் இருபத்தேழு பாட்டில் பாக்கி இருப்பதாகச் சொன்னார்.