நத்தைச் சுருளின் வால்

பெரம்பலூர் நாலு ரோடு பக்கத்தில் எனக்கு ஒரு ஸ்டிக்கர் கடை இருக்கிறது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு கட்டிங் மிஷின், சுவரோரமாகக் கலர் ரோல்கள், அவ்வளவுதான். பைக் டேங்கில் ஒட்டும் பெயரிலிருந்து டிராக்டருக்குப் பின்னால் ஒட்டும் சாமி படம் வரை எல்லாம் வெட்டித் தருவேன். ஆனால் எனக்குப் பிடித்தது வீல் வேலைதான். புதிதாக அலாய் வீல் மாட்டியவர்கள், அதில் தங்களுக்கென்று ஒரு அடையாளம் வேண்டும் என்று வருவார்கள். வளைந்து நெளிந்த இடத்தில் சுருக்கம் விழாமல் ஒட்டுவது எல்லோருக்கும் வராது. எனக்கு வரும் என்பதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அண்ணன் அரியலூரில் இருக்கிறார். வாடகைக் கார் ஓட்டுகிறார். அவர் அலாய் வீல் வாங்கியபோது, லோகோ நான்தான் வரைந்து கொடுத்தேன். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் தோண்டும் இடங்களில், சுருண்ட நத்தை பதிந்த கல் கிடைக்கும். அப்படி ஒன்றைப் பார்த்துத்தான் வரைந்தேன். வீலின் நடுவிலிருந்து விளிம்புக்கு ஐந்து கைகள் ஓடும். ஒவ்வொரு கையிலும் ஒரு சுருள். வரைந்து முடித்ததும் ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. சுருளின் வாலை இழுத்து, கை விளிம்போடு சேருகிற இடம் வரைக்கும் கொண்டுபோனேன். அப்போதுதான் சக்கரம் நிற்கும்போதும் ஓடுகிற மாதிரி தெரிந்தது.

ஒட்டிய மூன்றாவது வாரம் அண்ணன் வந்து நின்றார். பாதிச் சுருள்களைக் காணோம். அவர் ஓட்டுவது சிமெண்ட் லாரிகள் போகிற ரோடு. அந்தப் பொடி மணல்தாள் மாதிரி தேய்க்கும். போதாததற்கு வாரம் இரண்டு முறை வாட்டர் வாஷ். மறுபடி ஒட்டினேன். மறுபடி வந்தார். நாலாவது தடவை வந்தபோது அவர் முகத்தைப் பார்க்காமலேயே ரோலை எடுத்தேன்.

"வேணாம் பாப்பா," என்றார். நாற்பது வயதாகியும் நான் அவருக்குப் பாப்பாதான். "அரியலூர்ல ஒரு பாய் மிஷின்ல செதுக்கித் தராராம். காலத்துக்கும் போகாதாம். நீ அந்தப் படத்தை மட்டும் பென் டிரைவ்ல போட்டுக் குடு."

"செதுக்கினா வீலு வீணாப் போயிடும்" என்றேன். எதுவும் தெரிந்து சொல்லவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். என் சொந்த அண்ணனே என் வேலையை விட்டுவிட்டு இன்னொருவரிடம் போகிறாரே என்ற எரிச்சல்தான். படத்தை அப்படியே காப்பி பண்ணி, பென் டிரைவை மேஜைமேல் வைத்தேன். கையில்கூடக் கொடுக்கவில்லை.

அந்த பாய் கோப்பைகளிலும் கல்யாணச் சீர்ப் பாத்திரங்களிலும் பெயர் வெட்டுகிறவர். கார் வீல் அவருக்கும் புதிய தொழில்தான். அவர் செதுக்கிக் கொடுத்ததை அண்ணன் கொண்டுவந்து காட்டினார். என் கோடு ஒன்றுகூடப் பிசகாமல், உலோகத்துக்குள் நிழல் விழ, அத்தனை அழகாக இருந்தது. "நல்லாருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

ஏழெட்டு மாதம் போயிருக்கும். அம்மாவைச் செட்டிகுளம் மலைக்கு அழைத்துப் போக வேண்டும் என்று அண்ணன் வந்தார். நானும் ஏறிக்கொண்டேன். தரிசனம் முடிந்து, அப்படியே திருச்சியில் சித்தி வீட்டுக்கும் போய்விட்டு வரலாம் என்று கிளம்பினோம். பாடாலூர் வந்ததும் முன்பக்கச் சக்கரம் ஒன்றில் காற்று இறங்கிவிட்டது. நல்ல வேளையாகச் சாலையோரத்திலேயே ஒரு பஞ்சர் கடை. கடைக்காரர் ஒரு பெண், என் வயதுதான் இருக்கும். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டிருந்தார்.

டயரைக் கழற்றி ஒட்டுப் போட்டுவிட்டார். திரும்ப மாட்டுவதற்கு முன்னால் கைத்துணியால் வீலைத் துடைத்தவர், ஒரு இடத்தில் நிறுத்தி, நகத்தால் தடவிப் பார்த்தார். பிறகு வீலைத் தரையில் சாய்த்து வைத்துவிட்டு எழுந்தார்.

"இதுல டயர் மாட்ட மாட்டேங்க."

அண்ணனுக்குப் புரியவில்லை. "ஏம்மா, பஞ்சர் ஒட்டியாச்சுல்ல?"

"ஒட்டியாச்சுங்க. வீலு சரியில்ல. விரிசல் விட்டிருக்கு."

"வாங்கி ஒரு வருஷம்கூட ஆவல. அது செதுக்கின கோடும்மா. டிசைன்."

"டிசைன் எது, விரிசல் எதுன்னு நானே காட்டுறேன். பாத்துட்டு, வேற கடைக்குப் போறதுன்னா போங்க."

உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் டீசல் கொண்டுவந்தார். சுருள் இருந்த இடமெல்லாம் தடவி, கொஞ்ச நேரம் விட்டு, சுத்தமாகத் துடைத்தார். ட்யூபுக்குப் போடுகிற வெள்ளைப் பவுடரை அதன்மேல் தூவினார். "எங்க வூட்டுக்காரரு கல்லு ஒடைக்கிற கிரஷர் ஒர்க்‌ஷாப்புல இப்படித்தான் பாப்பாரு" என்றார். அவரோடு நானும் அண்ணனும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். விரிசலுக்குள் போன டீசல் மெதுவாக ஊறி வெளியே வந்தது. வெள்ளைப் பவுடரில் தலைமுடி மாதிரி ஒரு கறுப்புக் கோடு. அது தொடங்கிய இடம் என் சுருளின் வால் நுனி. அங்கிருந்து விளிம்பை நோக்கி இரண்டு விரல் நீளத்துக்குப் போயிருந்தது.

மறைக்காமல் சொல்கிறேன். அந்தக் கோட்டைப் பார்த்ததும் எனக்குள் முதலில் வந்தது சந்தோஷம். செதுக்கியவர் தோற்றார், என் ஸ்டிக்கர் ஜெயித்தது என்று ஒரு நொடி. அடுத்த நொடி, காரின் பின்சீட்டில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, பிரசாதப் பொட்டலத்தை மடியில் வைத்திருந்த அம்மாவைப் பார்த்தேன். திருச்சி ரோட்டில் அண்ணன் எந்த வேகத்தில் போவார் என்று எனக்குத் தெரியும்.

கடைக்கார அம்மா மற்ற மூன்று சக்கரங்களையும் அதேபோல் பார்த்தார். இன்னொன்றிலும் கோடு தொடங்கியிருந்தது. எங்களிடம் ஸ்டெப்னி ஒன்றுதான் இருந்தது. அவர் கடைக்குப் பின்னால் போய், பழைய இரும்பு வீல் ஒன்றை டயரோடு உருட்டிக்கொண்டு வந்தார். அளவு சரியாக இருந்தது.

"இதைப் போட்டு மெதுவா ஊருக்குப் போயிடுங்க. அடுத்த தடவ இந்தப் பக்கம் வரும்போது கொண்டாந்து போடுங்க."

எங்கள் பெயரைக் கேட்கவில்லை, போன் நம்பரையும் கேட்கவில்லை. அதுவரை முறுக்கிக்கொண்டு நின்ற அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார்.

மறுநாள் விரிசல் விட்ட வீலைத் தூக்கிக்கொண்டு பாய் கடைக்குப் போனோம். அண்ணன் சண்டைக்குத் தயாராக இருந்தார். பாய் வீலை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் ரொம்ப நேரம் பார்த்தார். எந்தச் சாக்கும் சொல்லவில்லை.

"யா அல்லாஹ்" என்று மெதுவாகச் சொன்னார். "யாருக்கும் ஒன்னும் ஆவலையே? தப்பு என்னோடதுங்க. பாத்திரத்துல வெட்டுற மாதிரியே இதையும் நெனச்சிட்டேன். பாரம் தாங்குற எடத்துல ஆழமா வெட்டக்கூடாதுன்னு எனக்குத் தோணல."

அண்ணனின் கோபம் அப்படியே இறங்கிவிட்டது. "ஆழமாப் போடுங்கன்னு சொன்னதே நான்தானே பாய்" என்றார்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் வால் இருந்த இடம் என் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. "வரைஞ்சது நான்" என்றேன். "ஸ்டிக்கருக்குன்னு வரைஞ்சது. வால் ரொம்ப மெலிசான எடத்துல போய் முடியுது. செதுக்கப் போறாங்கன்னு தெரிஞ்சும் அதைக் கொறைக்காமக் குடுத்துட்டேன். கோவத்துல குடுத்தேன்."

பாய் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்போ மூணு பேரும் சேந்துதான் வெடிக்க வெச்சிருக்கோம்" என்றார். அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்தார்.

டீயைக் குடிப்பதற்கு முன்பே பாய் போனை எடுத்தார். அண்ணன் காரைத் தவிர அதுவரை ஏழு கார்களுக்கு வீல் செதுக்கியிருந்தார். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "வண்டிய எடுக்காதீங்க, நான் வந்து பாத்துடுறேன்" என்றார். சிலர் திட்டியது எங்களுக்கே கேட்டது. "சரிங்க, சரிங்க" என்று வாங்கிக்கொண்டார். பாடாலூர் அம்மா செய்ததை நான் விளக்கிச் சொன்னேன். டீசலும் பவுடரும் எடுத்துக்கொண்டு, அந்த வாரம் முழுவதும் பஸ் ஏறிப் போய் ஏழு கார்களையும் பார்த்தார். தா.பழூரில் நெல் வியாபாரி ஒருவருடைய வீலில் கோடு தொடங்கியிருந்தது. சரியான நேரத்தில் போயிருக்கிறார்.

அதற்குப் பிறகு நானும் பாயும் சேர்ந்தே வேலை செய்கிறோம். வீலின் நடுவில் மூடி ஒன்று இருக்கும். அது எந்தப் பாரமும் தாங்காது. செதுக்குவதெல்லாம் அதில் மட்டும். கைகளில் ஸ்டிக்கர். அந்த ஸ்டிக்கர் நிற்கவும் அவர்தான் வழி சொன்னார். பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைக்கிற ஸ்பிரிட்டால் வீலைத் துடைத்து ஒட்டி, மேலே நிறமில்லாத வார்னிஷ் மாதிரி ஒரு கிளியர் கோட் அடிக்கச் சொன்னார். ஒரு வாரத்துக்கு வண்டியை வாட்டர் வாஷ் விடக் கூடாது என்பது என் பங்கு. இப்போது மூன்றாவது வாரத்தில் யாரும் திரும்பி வருவதில்லை. யார் எங்களிடம் வந்தாலும், எங்கே செதுக்கலாம், எங்கே கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

இரும்பு வீலைத் திருப்பிக் கொடுக்க, பஞ்சரான பத்தாம் நாள் நானும் அண்ணனும் பாடாலூர் போனோம். அம்மா ஒரு பை நிறைய முறுக்கு கொடுத்து அனுப்பியிருந்தார். கடைக்கார அம்மாவுக்கு எங்களை நினைவில்லை. வீலைப் பார்த்த பிறகுதான், "ஓ, நீங்களா" என்றார்.

"எங்க மூணு பேரு உசுரும் உங்களால இருக்குங்க" என்றேன். அவருக்குக் கூச்சமாகிவிட்டது.

"அதெல்லாம் என்னங்க. கண்ணுல பட்டுச்சு, சொன்னேன்."

நான் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கிறேன், உங்களுக்கு ஏதாவது செய்து தர வேண்டும், உங்கள் பெயர் போட்டு ஒரு போர்டு செய்யட்டுமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார்.

"பேரெல்லாம் வேணாங்க. 'பஞ்சர்'னு மட்டும் பெருசா, எதிர்ப்பக்கம் போற வண்டிக்கும் தெரியற மாதிரி போட்டுத் தருவீங்களா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய், வெளிச்சம் பட்டால் மின்னுகிற சிவப்பில் நாலே எழுத்தை வெட்டி ஒட்டினேன். அவர் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். ஒட்டி முடித்ததும், ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்துவிட்டு, நன்றாகத் தெரிகிறது என்று அங்கிருந்தே தலையை ஆட்டினார்.