சுண்ணாம்பு அடித்ததும் சிவந்த கைகள்

இந்த வயதில்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியிருக்கிறேன். வாலிபத்தில் நான் மூட்டை சுமந்த ஸ்ரீவில்லிபுத்தூர் பஞ்சுக் கிட்டங்கியின், அதுதான் அந்தப் பழைய குடோனின், பெயரைப் படித்துவிட வேண்டும் என்று போன வாரம் கிளம்பினேன்.

ராஜபாளையத்தில் காலை எட்டரைக்கு பஸ். போர்டைப் படித்து நானே ஏறினேன்! யாரையும் கேட்கவில்லை. பன்னிரண்டு கிலோமீட்டர், அரை மணி நேரம். இறங்கியதும் ஆட்டோ, ஐம்பது ரூபாய்.

"அந்தப் பாழுங் கிட்டங்கிக்கா பெருசு? பேயே வாடகை கட்ட முடியாம ஓடிருச்சே" என்றார் டிரைவர்.

சுவரில் நீல எழுத்தில் 'பேண்டேஜ் துணி'. அது உதிர்ந்த இடத்தில், அடியில் 'பஞ்சுக் கிட்டங்கி'. இரண்டையும் நிறுத்தி நிறுத்திப் படித்தேன். அவ்வளவு சந்தோஷம்.

வாசற்படியில் ஒரு பெண் சாவியோடு உட்கார்ந்திருந்தார். பெயர் முத்துமாரி. தையல் கடை வைக்க இடம் பிடித்து, முந்தின சாயங்காலம் வெள்ளையடித்திருக்கிறார். இப்போது சாவியைத் திருப்பிக் கொடுக்க ஓனருக்காகக் காத்திருந்தார்.

"உள்ள போகாதிய தாத்தா. செவரு பூரா ரெத்தக் கை."

போனேன். ஈரச் சுண்ணாம்பில் சிவப்புச் சிவப்பாக உள்ளங்கைகள். மயிர் கூச்செறிந்தது. பிறகுதான் நினைவு வந்தது. ஆயுத பூஜையன்று மஞ்சளில் கை முக்கிச் சுவரில் பதிப்போம். எங்களுக்குப் பின் வந்த பேண்டேஜ் கம்பெனிப் பெண்களும் பதித்திருக்கிறார்கள். சின்னச் சின்னக் கைகள்.

"ஆரத்தித் தண்ணி எப்படித் தாயி செவக்குது? மஞ்சளும் சுண்ணாம்புந்தான?"

நெற்றியில் அடித்துக்கொண்டார். "அட கூறுகெட்டவளே! எம்புட்டு ஆரத்தி கரைச்சிருக்கேன்!"

சிரித்தோம். சுண்ணாம்பு காயக் காயக் கைகள் ஒவ்வொன்றாக வெளுத்தன. வாசல் நிலைக்கு மேலே இருந்த ஒன்று மட்டும் வெளுக்கவில்லை. அதில் நான்கே விரல்.

"இது ஆரு?"

பொய் சொன்னால் கடை நிலைக்கும். வாய் வரவில்லை. "சங்கிலி. எங்கூட மூட்டை தூக்குனவன். மூட்டை மேல ஏறி நின்னு வச்சான். அந்த வருசமே அடுக்கு சரிஞ்சு, இங்கனயே போயிட்டான்."

சாவியைக் கையில் புரட்டிக்கொண்டே கேட்டார்.

"குடும்பம்?"

"ஒருத்தருமில்ல."

"அப்ப என்னைய மாதிரி அவியளுக்கும் போக்கிடம் இல்ல. இருந்துட்டுப் போகட்டும்." சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

போகிறவர்கள் பகலில் போங்கள். உள்ளே ஜன்னல் குறைவு. துணி கொண்டுபோனால் தைத்துத் தருவார். கேட்டால் ஸ்டூல் போட்டு அந்தக் கையைத் தொட்டுப் பார்க்கவும் விடுவார். நான் தொட்டேன். சுவரெல்லாம் சில்லென்று இருந்தது. அந்தக் கை மட்டும் வெதுவெதுவென்று இருந்தது.