குவாமேவுக்காகவும் கேட்டோம்

நான்கு நாள் என் கணவரிடமிருந்து போன் வரவில்லை. ஐப்பசி மாதம், அடைமழை.

என் பெயர் ஸ்டெல்லா. பென்னலூரில் குடியிருக்கிறேன். ஒரகடத்தில் கார்களுக்கு வயரிங் செய்யும் கம்பெனியில் வேலை. என் கணவர் அருள் ராணுவத்தில் டிரைவர். ஆப்பிரிக்காவில் சண்டை நடக்கும் ஒரு நாட்டுக்கு அமைதி காக்கும் பணிக்காகப் போயிருந்தார். பல நாட்டு வீரர்கள் சேர்ந்திருக்கும் படைப்பிரிவு அது.

தினமும் சாயங்காலம் பேசிவிடுகிற மனுஷன். முதல் நாள், சிக்னல் கிடைக்கவில்லை போலும் என்று நினைத்தேன். மறுநாள் டிவியில் அந்த ஊரைச் சொன்னார்கள். அமைதிப் படையின் வண்டிகளைத் தாக்கிவிட்டார்கள் என்று மட்டும் செய்தி. யாரைக் கேட்டும் விவரம் இல்லை.

கம்பெனியில் வேலை நடக்கும் லைனுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. லாக்கரில் வைத்துவிட வேண்டும். மூன்றாம் நாள் வயர்களை மாற்றிச் சொருகிவிட்டேன். பக்கத்தில் நிற்கும் செல்வி அதைக் கழற்றிச் சரிசெய்தாள்.

"இன்னாக்கா, அழுதுகினே வேலை செய்றே. வூட்டுக்குப் போயேன்."

"வூட்ல போய் மட்டும் இன்னா பண்ணப்போறேன் செல்வி?"

பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபித்தேன். ஆண்டவரே, அவரை எனக்குத் திருப்பிக் கொடுங்க. வேறு வார்த்தை வரவில்லை. சபையாராகிய நீங்களும் எனக்காக உபவாசம் இருந்தீர்கள்.

நான்காம் நாள் கம்பெனி பஸ் வல்லம் தாண்டும்போது போன் அடித்தது.

"ஸ்டெல்லா, நான்தான். நல்லா கீறேன், அழாதே."

பஸ் என்றும் பார்க்காமல் கதறினேன். அவர் ஓட்டிய தண்ணீர் லாரி தாக்கப்பட்டுத் தீப்பிடித்திருக்கிறது; அவர் போனும் அதில் எரிந்துவிட்டது. கதவு திறக்கவில்லை. கானா நாட்டு வீரர் குவாமே என்பவர் கண்ணாடியை உடைத்து இவரை வெளியே இழுத்திருக்கிறார். அப்போது குவாமேவின் இடுப்பில் குண்டு பாய்ந்துவிட்டது.

"அவன் இன்னும் கண்ணு தொறக்கல. அவனுக்கும் பொண்டாட்டி கீறா, ஸ்டெல்லா."

அதைக் கேட்டதும் எனக்குக் குற்ற உணர்ச்சியாக இருந்தது. என் வீட்டுக்காரருக்காக மட்டும்தானே கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை சபையில் குவாமே பெயரைச் சொன்னேன். பெயர் வாயில் நுழையாவிட்டாலும் எல்லாரும் ஜெபித்தீர்கள். செல்வி குன்றத்தூர் முருகன் கோவிலுக்குப் போய் அர்ச்சனை செய்தாள்.

"நட்சத்திரம் இன்னான்னு ஐயர் கேட்டாரு. தெரியல, சாமி பேருக்கே பண்ணிடுங்கன்னுட்டேன்க்கா."

குண்டு பட்ட பதினோராம் நாள் குவாமே கண் திறந்தார்.

பங்குனியில் அருள் விடுப்பில் வந்தபோது வீடியோ காலில் குவாமேவையும் அவர் மனைவியையும் பார்த்தோம். குவாமே கம்பு ஊன்றி நடந்து காட்டினார். அவர் மனைவி பேசிய ஆங்கிலம் எனக்குப் பாதிதான் புரிந்தது. "தேங்க் யூ, சிஸ்டர்" என்றாள். நான் சொல்ல வேண்டியதை அவள் சொல்கிறாளே என்று அழுதுவிட்டேன்.

முன்பெல்லாம் என் குடும்பத்துக்காக மட்டுமே முழங்கால் போடுவேன். இப்போது டீ நேரத்தில் யார் முகம் வாடியிருந்தாலும் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு கலக்கம் இருக்கலாம். உள்ளதை உள்ளபடி ஆண்டவரிடம் சொல்லுங்கள். வெட்கப்படாமல் எங்களிடமும் சொல்லுங்கள், சேர்ந்து கேட்போம். நான் முதலில் கேட்காத ஆளையும் சேர்த்துக் காப்பாற்றினவர் அவர். உங்களைக் கைவிடமாட்டார்.