பிரான்ஸ் துக்கம் கேட்க வந்த நாள்

எங்கள் வீட்டுக்கும் பெரியப்பா வீட்டுக்கும் நடுவில் இருந்தது ஒரு கிளுவை வேலிதான். ஆனால் ஒன்பது வயதில் நான் அதை இரண்டு நாடுகளின் எல்லை என்றே நம்பிக்கொண்டிருந்தேன். அப்படி நம்பியதற்குக் காரணம் இருந்தது. வெள்ளைக்காரன் காரைக்காலை விட்டுப் போனபோது, வேண்டுமென்பவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னார்களாம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த பெரியப்பா வைத்துக்கொண்டார். நெரவியில் நெல் போட்டுக்கொண்டிருந்த அப்பா வேண்டாம் என்றுவிட்டார். ஒரு வயிற்றில் பிறந்த இரண்டு பேரில் ஒருவர் பிரெஞ்சுக்காரர், ஒருவர் இந்தியர். எங்கள் பக்கத்தில் இது ஒன்றும் அதிசயமில்லை. வெளியூர் ஆட்களுக்குத்தான் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும்.

பெரியப்பா பிரான்ஸிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது நான் இரண்டாம் வகுப்பு. அன்றிலிருந்து அண்ணனும் தம்பியும் ஒரு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை. பெரியப்பா பல் துலக்க வேலியோரம் வந்தால் அப்பாவுக்கு மாட்டுக் கொட்டகையில் அவசர வேலை வந்துவிடும். அம்மாவும் பெரியம்மாவும் மட்டும் வேலி இடுக்கு வழியே குழம்பும் கறியும் மாற்றிக்கொள்வார்கள். நான் இரண்டு வீட்டுக்கும் பொது. பெரியம்மாவுக்குப் பிள்ளை இல்லாததால் அந்த வீட்டில் எனக்குச் செல்லம் அதிகம். ஏன் பேசிக்கொள்வதில்லை என்று நான் யாரையும் கேட்கவில்லை. வேறு வேறு நாட்டுக்காரர்கள், அதனால் பேசவில்லை என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டிருந்தேன். அப்பாவுக்குள் மட்டும் ஏதோ ஒன்று காத்துக்கொண்டே இருந்தது. பொங்கலன்று காலையில் வாசல் பக்கம் பத்துத் தடவையாவது பார்ப்பார். யாரும் வராமல் பொழுது சாய்ந்ததும் அம்மாமேல் எரிந்து விழுவார்.

எண்பத்து நான்காம் வருடம், ஐப்பசி மழை பிடித்திருந்த நேரம். பிரதமரைச் சுட்டுவிட்டார்கள் என்று சொல்லிப் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டார்கள். வீட்டுக்கு ஓடிவந்தால் பெரியப்பா வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். அவரிடம் உலகத்து நிலையங்களையெல்லாம் பிடிக்கும் பெரிய ரேடியோ ஒன்று உண்டு.

"அப்பாகிட்ட சொல்லு. உசுரு போயிடுச்சாம். பிரான்ஸ் ரேடியோ சொல்லிட்டான்."

அப்பா கூடத்தில் டிரான்சிஸ்டரைக் காதோடு வைத்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டுத் தலையைக்கூடத் திருப்பவில்லை. நம் ரேடியோ சொல்லட்டும் என்றார். நம் ரேடியோ சாயங்காலம்தான் சொன்னது. அதுவரை வேலிக்கு அந்தப் பக்கம் பிரதமர் இறந்துபோயிருந்தார், இந்தப் பக்கம் உயிரோடு இருந்தார். நான் இரண்டு பக்கமும் போய் வந்துகொண்டிருந்தேன்.

பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தது. தெருக்கோடியில் இருந்த எங்கள் சமூக அறிவியல் டீச்சர், சும்மா சுற்றாமல் ஒரு வேலை செய்யுங்கள் என்று தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொன்னார். எந்த நாடு எப்படி இரங்கல் சொல்கிறது என்பதை ரேடியோவில் கேட்டு நோட்டில் எழுதி வர வேண்டும். நான் அப்பாவின் காலடியில் உட்கார்ந்து எழுதினேன். ஒரு நாட்டில் கொடி இறக்கினார்களாம். ஒரு நாட்டில் சபையே எழுந்து நின்றதாம். இன்னொரு நாட்டுத் தலைவர் தன் வீட்டு ஆளை இழந்ததுபோல் இருக்கிறது என்றாராம். உலகத்தில் இத்தனை நாடுகள் இருப்பதே ஒரு சாவு விழுந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அதே நாட்களில் தில்லித் தெருக்களில் வீடுகளும் மனிதர்களும் எரிந்துகொண்டிருந்ததை அந்த டிரான்சிஸ்டர் சொல்லவில்லை. அதை நான் வளர்ந்த பிறகு படித்தேன்.

நம்மோடு யுத்தம் செய்த நாட்டின் தலைவரே சாவுக்கு வருகிறார் என்று ஒரு செய்தி வந்தது. எனக்கு அது விளங்கவே இல்லை. சண்டைக்காரர் எதற்கு வருகிறார் என்று அப்பாவைக் கேட்டேன்.

"சாவுன்னா பகையாளியும் வருவான். வரணும். அதுதான் மொறை."

அப்படியென்றால் பிரான்ஸ் என்ன சொன்னது, அதை எழுதாமல் விட்டுவிட்டேனே என்றேன். அப்பா டிரான்சிஸ்டரை அணைத்தார். வேலிப் பக்கம் பார்த்துக்கொண்டு, மெதுவாகத்தான் சொன்னார்.

"பிரான்ஸா? சாவுக்கு ஒரு வரி எழுதத் தெரியாத தேசம் அது."

நான் நேரே எங்கே போயிருப்பேன் என்று சொல்லவும் வேண்டுமா? பிரான்ஸ் பற்றி எனக்குத் தெரிந்த ஒரே ஆள் பெரியப்பா. வேலி இடுக்கில் புகுந்து போய், அப்பா இப்படிச் சொல்கிறாரே, உங்கள் நாடு ஏன் ஒன்றும் எழுதவில்லை என்று கேட்டுவிட்டேன். ஒரு சொல்கூட மாற்றாமல் சொன்னேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

பெரியப்பா ரேடியோ முள்ளைத் திருப்பிக்கொண்டிருந்தவர் கையை எடுத்தார். அப்பாதான் சொன்னானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். ரேடியோ இரண்டு நிலையங்களுக்கு நடுவே இரைந்துகொண்டே இருந்தது. பெரியம்மா வந்து அதை நிறுத்திவிட்டு, நீ வீட்டுக்குப் போம்மா என்று என் தோளைப் பிடித்து வெளியே விட்டார். ஏதோ செய்யக் கூடாததைச் செய்துவிட்டோம் என்று எனக்குத் தோன்றியது. அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

பிரதமரின் இறுதி ஊர்வலத்தன்று மழை விட்டிருந்தது. அப்பா வாசலில் பெஞ்சைப் போட்டு ரேடியோ வருணனை கேட்டுக்கொண்டிருந்தார். அப்போது பெரியப்பா தன் வீட்டுப் படியிறங்கித் தெருவுக்கு வந்தார். வெள்ளை வேட்டிக்கு மேலே பட்டாளத்துக் கோட்டு, கோட்டில் மெடல்கள். பிரெஞ்சுக்காரர்களின் தேசிய நாளான ஜூலைப் பதினாலில் மட்டும் வெளியே வரும் கோட்டு அது. காலில் செருப்பில்லை. வேலி இடுக்கில் புகுந்தால் பத்தடிதான். அவர் சேற்றுத் தெருவைச் சுற்றி எங்கள் வாசலுக்கு நேராக வந்தார்.

பிரான்ஸ் வருகிறது என்று எனக்குப் புல்லரித்தது. நான் கேட்ட கேள்விக்கு ஒரு நாடே கிளம்பி வந்துவிட்டதே. அப்பா எழுந்து நின்றார். சத்தம் கேட்டு வெளியே வந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நிலைப்படியிலேயே நின்றுவிட்டார்.

பெரியப்பா இரண்டு கைகளையும் சேர்த்து முன்னால் நீட்டினார். சாவு வீட்டில் ஆண்கள் அப்படித்தான் நீட்டுவார்கள். அந்தக் கையைத் தொட்டால் துக்கத்தை வாங்கிக்கொண்டதாகக் கணக்கு. தொடாவிட்டால் வந்தவர் அப்படியே திரும்ப வேண்டியதுதான். அப்பா அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். ரேடியோவில் எந்தெந்த நாட்டிலிருந்து யார் யார் வந்திருக்கிறார்கள் என்று ஒருவர் வாசித்துக்கொண்டே போனார். அப்பா கையைத் தூக்கவில்லை. தட்டிவிட்டுவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

"அப்பவே வந்திருக்கணும் தம்பி" என்றார் பெரியப்பா.

அப்பா அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டார். பிடித்தவர் வாய்விட்டு அழுதார். அப்பா அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிரதமர்மேல் அப்பாவுக்கு இவ்வளவு பாசமா என்று நான் அசந்துபோனேன். பத்து வருடமாக அந்த அம்மையாரைத் திட்டாமல் அவர் ஒரு பேப்பரைக்கூட மடித்துவைத்ததில்லை. திட்டுகிறவர்களுக்குத்தான் பாசம் அதிகம் போல என்று முடிவு கட்டினேன்.

இருவரும் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வருணனை முடியும்வரை கேட்டார்கள். முடிந்ததும் பெரியப்பா எழுந்து, போய்வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் நடந்துவிட்டார். வணக்கம், நன்றி, விடைபெறுகிறேன் எல்லாவற்றையும் பிரெஞ்சில் எனக்குச் சொல்லிக்கொடுத்த மனிதர் இப்படிச் சொல்லாமல் போகிறாரே என்று எனக்கு வருத்தம். சாவு வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு போவதில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.

பிரான்ஸ் நேரில் வந்து துக்கம் கேட்டது, அப்பா அழுதார் என்று நோட்டில் எழுதினேன். பள்ளி திறந்ததும் டீச்சர் அதைப் படித்துவிட்டு, எந்த பிரான்ஸ் என்று கேட்டார். பக்கத்து வீட்டு பிரான்ஸ் என்றேன். வகுப்பே சிரித்தது. எங்கள் தெருக்காரரான டீச்சர் மட்டும் சிரிக்காமல் அதற்கும் ஒரு சரி போட்டார்.

எனக்கு ஒரு அண்ணன் இருந்தான். நான் கைக்குழந்தையாக இருந்தபோது ஆறு வயதில் காய்ச்சலில் போய்விட்டான். இவ்வளவும் எனக்கு அன்றே தெரியும். தெரியாமல் இருந்ததைப் பெரியப்பா இறந்து பல மாதம் கழித்துப் பெரியம்மா சொன்னார். பிள்ளையில்லாத பெரியப்பா அவனைத் தத்தெடுத்துப் பிரான்ஸுக்குக் கூட்டிப் போகக் கேட்டிருக்கிறார். என் பிள்ளை அயல்நாட்டான் ஆக வேண்டாம் என்று அப்பா மறுத்துவிட்டார். மறு வருடமே அவன் போனான். தந்தி போயிற்று. பிரான்ஸிலிருந்து ஆளும் வரவில்லை, கடிதமும் வரவில்லை.

"எழுதாம இல்லம்மா. எழுதி எழுதிக் கிழிச்சாரு. எப்புடி ஆரம்பிச்சாலும், என்கிட்ட குடுத்திருந்தா பொழச்சிருப்பான்னே வந்து முடியுது, இதப் படிச்சா தம்பி செத்துருவான்னாரு. இங்க வந்தப்புறமும் வாயத் தொறந்தா அதான் வந்துரும்னு பயந்துகிட்டுத்தான் பேசாமயே இருந்தாரு."

அந்த ஒரு வாக்கியத்தைப் பெரியப்பா சாகும்வரை அப்பாவிடம் சொல்லவில்லை. அப்பா அதற்குப் பிறகும் பதினோரு வருடம் இருந்தார். நானும் சொல்லவில்லை.