விளக்கு வைத்த பிறகு ஆணி அடித்தால் என்ன?

ஜவ்வாது மலையடிவாரத்தில், ஆலங்காயத்தை அடுத்து எங்கள் வீடு. மாடியில் சாமை மூட்டையும் புளியும் போட்டுவைத்திருந்த ஷீட் கொட்டகையை, சாரல் அடிக்காமல் தடுத்து, மூன்று பக்கமும் கொசுவலை போட்டு, காற்றாட உட்காரும் வராந்தாவாக மாற்றினோம். கடைசி வேலை, ஷீட்டுக்கு அடியில் பிவிசி சீலிங்.

சீலிங் போட வந்தவர், "அக்கா, ஷீட்டு இடுக்குல வவ்வால் அடைஞ்சிருக்குது. பொழுது சாஞ்சா அதுங்களே வெளிய போய்டும், அப்புறம் மூடிக்கலாம்" என்றார்.

"விளக்கு வெச்ச வூட்ல யாராவது ஆணி அடிப்பாங்களா? இப்பவே மூடுங்க" என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன்.

ஒரு வாரம் கழித்து என் நாத்தனார் வந்தார். புது வராந்தாவில் சாப்பாடு போட்டேன். ஏதோ வீச்சம் அடித்தது. சாம்பிராணி போட்டுச் சமாளித்தேன். பாயசத்தை வாயருகே கொண்டுபோன நாத்தனார் அப்படியே நிறுத்தி, "இன்னா அண்ணி இது, சேமியா நெளியுது?" என்றார்.

நிமிர்ந்து பார்த்தேன். சீலிங் இணைப்பிலிருந்து இன்னொரு புழு அவர் தம்ளருக்குள் விழுந்தது.

என் கணவர் சீலிங்கைப் பிரித்தார். அழுகிய வவ்வால்கள் கொத்தாகத் தரையில் விழுந்து, அந்த நீர் என் காலில் தெறித்தது. சிலவற்றின் மார்பில் குட்டிகள் ஒட்டிக்கொண்டே செத்திருந்தன.

மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு நாள் அந்தப் புழுவை நினைத்து. மற்ற இரண்டு நாளும் என்னை நினைத்து.

இப்போதெல்லாம் வீட்டில் எந்த ஓட்டையை அடைப்பதானாலும், விளக்கேற்றிவிட்டு, உள்ளே இருப்பவை பறந்து போகும்வரை மாடியில் நின்று பார்க்கிறேன். அப்புறம் ஆணியை நானே எடுத்துக் கொடுக்கிறேன்.