குழாய் வாயில் ஒரு விரல்

சத்தியமாக நடந்தது. பேய் என்றால் சிரிக்கிற ஆள்தான் நானும். இப்போது சிரிக்கிறவர்கள் என் ஆள்காட்டி விரலைப் பார்த்துவிட்டுச் சிரிக்கட்டும். அது இன்னும் மடங்கவில்லை.

வீட்டிலேயே தங்கி நோயாளியைக் கவனிக்கும் நர்ஸ் நான். அந்தப் பெரியவருக்கு மூச்சுப்பாதை சுருங்கிப்போய், கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்திருந்தார்கள். மூச்சு அதன் வழியாகத்தான். பேச வேண்டுமானால் குழாய் வாயை விரலால் மூட வேண்டும். ஓரிரு வார்த்தைதான்... அதற்குமேல் மூடினால் மூச்சு முட்டிவிடும். ஏற்கெனவே இரண்டு முறை குழாயைப் பிடுங்கிவிட்டார். அதனால் கைகளைத் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தோம். மகள் வேலையிலிருந்து திரும்பும்வரை அவர் உயிர் என் பொறுப்பு.

பட்டப்பகலில் பேயா என்பீர்கள். நேரங்காலம் பார்த்து வந்தால் அது என்ன பேய்?

மணி 2.40. சமையலறையில் சளி உறிஞ்சும் குழாயைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"நான்தான்."

அவர் குரல்... தெளிவாக.

கட்டை அவிழ்த்துவிட்டார் என்று ஓடினேன். இரண்டு கைகளும் கட்டியபடியே இருந்தன.

"யாருய்யா குழாய மூடினது?" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தார்.

2.43. குழாயின் கர்... கர்... சத்தம் நின்றது. அதைச் சுற்றியிருந்த தோல் உள்ளே அமுங்கியது.

"நான்தான் ஒளிச்சு வச்சேன்."

விட்டது. ஒரே ஒரு மூச்சு. மறுபடி அமுக்கியது. முகம் நீலமானது. கட்டில் தடதடவென்று குதித்தது.

என் விரலைக் குழாய் வாயில் நுழைத்து நெம்பினேன். சில்லென்று ஏதோ அதைப் பிடித்தது. பின்பக்கமாக வளைத்தது.

டக்.

என் எலும்பு.

அடுத்த நொடி என்னைத் தூக்கிச் சுவரில் அடித்தது.

"பீரோ... மேல்தட்டு..."

2.46.

அவர் மூச்சு அடங்கிவிட்டது.

மகள் வந்ததும் என் சட்டையைப் பிடித்தாள்.

"எங்கப்பாவ என்ன பண்ணீங்க?"

அழுதுகொண்டே அவர் பேசியதைச் சொன்னேன். அவள் பிடி தளர்ந்தது. பீரோவைத் திறந்தாள். மேல்தட்டில், பழைய துண்டு சுற்றிய ஒரு இன்ஹேலர்.

"அம்மாவோடது," என்றாள். "ஆஸ்துமா. அஞ்சு வருஷம் முன்னாடி... வீடு முழுக்க இதத் தேடித் தேடியே செத்தாங்க."

என் கையில் கொடுத்தாள். துண்டு தூசி படிந்து காய்ந்திருந்தது.

இன்ஹேலரில் வாய் வைக்கும் இடம் மட்டும் ஈரமாக இருந்தது.