சோடா போட்ட மாவு

ஆம்பூரில் ஒரு தோல் பதனிடும் ஷெட்டில் மெஷின் ரிப்பேர் பார்க்கும் பிட்டர் அமீர் பாஷா. வாரத்தில் ஆறு நாள் தோல் ஊறும் டிரம்களோடு மல்லுக்கட்டுவார். வெள்ளிக்கிழமை ஷெட்டுக்கு விடுமுறை. அன்றைக்குப் பழைய டிராக்டர்காரர்கள் விடமாட்டார்கள்.

அந்தக் காலத்துச் சீமை வண்டிகள். கடை ஸ்பேனர் ஒன்று நட்டில் தொளதொளவென்று சுற்றும், அடுத்தது நுழையவே நுழையாது. லாரியின் பழைய வில்பட்டையை வெட்டி, காய்ச்சி, வளைத்து, அந்தந்த நட்டுக்கென்று அவரே ஸ்பேனர் செய்துகொள்வார். பதினைந்து வருஷத்தில் நாற்பத்தோரு ஸ்பேனர்கள் சேர்ந்து, வீட்டுப் பின்சுவரில் ஆணியில் தொங்கின.

"மத்தவங்க வூட்டுச் செவுத்துல காலண்டர் தொங்கும்" என்பாள் மனைவி முனவ்வர் பேகம்.

ஸ்பேனர் நுழைய வேண்டிய இடுக்கை அளவெடுக்க அவர் கொண்டுபோவது ரொட்டி மாவு. நட்டைச் சுற்றி அழுத்தி, அலுங்காமல் எடுத்து, டிபன் டப்பாவில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவருவார். மாவு எவ்வளவு தடிமனோ, அதற்குள் ஸ்பேனர் அடங்க வேண்டும்.

எண்பத்து மூன்றாம் வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை, வீங்கிய வலது மணிக்கட்டோடு நெமிலிக்குப் பஸ் ஏறினார். கூப்பிட்டது ஜெயசீலி டீச்சர். புருஷன் இறந்த பிறகு பள்ளிக்கூடம், மூன்று ஏக்கர், அவர் விட்டுப்போன டிராக்டர் எல்லாம் அவள் தலையில். டீசல் பம்பு ஒழுகி வண்டி நின்றுவிட்டது. பம்பைக் கழற்ற வேண்டும். அதன் பின்பக்கத்து நட்டு இன்ஜினோடு ஒட்டிக் கிடந்தது.

"நாத்து முப்பது நாள் ஆய்டுச்சு பாஷாண்ணே. திங்கக்கிழமைக்குள்ள சேறடிக்கலன்னா மாட்டுக்குத்தான் அறுத்துப் போடணும். ஊர்ல இருக்கிற ரெண்டு வண்டியும் அவங்கவங்க வயல்ல நிக்குது."

"ஞாயித்துக்கிழமை வர்றேன் டீச்சரம்மா."

மாவில் அளவெடுத்துத் திரும்பினார். சனிக்கிழமை ஷெட்டிலிருந்து வந்ததும் ஸ்பேனர் அடித்தார். ஞாயிற்றுக்கிழமை லீவு சொல்லிவிட்டு மறுபடி இரண்டு பஸ்.

ஸ்பேனர் இடுக்கில் நுழையவில்லை. இரண்டு நூல் தடிமன் அதிகம்.

அவருக்கு நம்ப முடியவில்லை. அப்புறம்தான் வெள்ளிக்கிழமை சாயந்திரம் டப்பாவைத் திறந்தபோது வந்த புளிப்பு வாசனை ஞாபகம் வந்தது. தம்பி குடும்பம் சாப்பிட வருகிறதென்று முனவ்வர் தயிரும் சோடாவும் போட்டுப் பிசைந்த மாவு அது. அவளைக் கேட்காமல் அதிலிருந்துதான் ஒரு உருண்டை கிள்ளி வந்திருந்தார். பஸ் சூட்டில் அது உப்பியிருக்கிறது. உப்பின அளவுக்கு இவர் ஸ்பேனர் அடித்திருக்கிறார்.

டீச்சரின் வண்டியை ஓட்டும் மோசஸ் எட்டிப் பார்த்தான். "இன்னா பாய், இது ஸ்பேனரா, பிரியாணி கிண்டுற கரண்டியா?"

"நீ போய் அந்த அரத்தை எடுத்துனு வா. கிண்டுறது அப்புறம்."

வரப்பில் உட்கார்ந்து ராவ ஆரம்பித்தார். மணிக்கட்டு வலித்தது, இடது கைக்கு மாற்றினார், அது சரிப்படாமல் மறுபடி வலதுக்கே வந்தார். டீச்சர் இரண்டு முறை டீ கொண்டுவந்தாள். நாற்றங்காலைப் பார்த்தாள், அவர் கையைப் பார்த்தாள்.

வெயில் சாயும்போது ஸ்பேனர் நுழைந்தது. நட்டு கிறீச்சென்று அசைந்து கழன்றது. பம்பை இறக்கி, ஓரத்தில் கிழிந்திருந்த பேக்கிங்கை மாற்றி, திரும்ப மாட்டினார். பின்பக்கத்து நட்டைக் கடைசிச் சுற்று இறுக்கும்போது, ராவி ராவி மெலிந்த ஸ்பேனர் கழுத்தில் முறிந்தது.

முறிந்த இரண்டு துண்டையும் துணியில் சுற்றிப் பையில் போட்டார்.

"ஸ்டார்ட் பண்ணு" என்றார் மோசஸிடம்.

வண்டி கிளம்பியது. பம்பின் அடியில் டீசல் சொட்டுச் சொட்டாகக் கசிந்தது. அடியில் ஒரு டப்பாவைக் கட்டிவிட்டார்.

"ரெண்டு நாள் தாங்கும் டீச்சரம்மா. சேறடிச்சுருங்க. அடுத்த வெள்ளிக்கிழமை வந்து மறுபடி அளவெடுத்து, புது ஸ்பேனர் அடிச்சு முறுக்கிடறேன்."

"நாத்து பொழச்சுது" என்றாள் அவள். மோசஸ் அதற்குள் வண்டியை வயலில் இறக்கியிருந்தான்.

வீட்டுக்கு வந்து முறிந்த ஸ்பேனரை முனவ்வர் முன்னால் வைத்தார்.

"வெள்ளிக்கிழமைக்கு மாவு வேணும். சோடா போடாம."

"அன்னிக்காவது வூட்ல இருப்பீங்கன்னு கறிக்குச் சொல்லி வெச்சிருக்கேன்."

"ராத்திரி வந்து சாப்பிடறேன்."

அவள் மணிக்கட்டில் தேய்க்கிற எண்ணெய்ப் புட்டியைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். மூடியைத் திருகி எடுக்க அவர் மணிக்கட்டுக்குத் தெம்பில்லை. மறுபடி அவளையே கூப்பிட வேண்டியிருந்தது.